பாதித் தொட்டித் தண்ணீர்

அந்த மத்தியானம் வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எங்கள் தெருவுக்கு மூச்சு மாதிரி. நின்றால்தான் காதில் விழும். ஜன்னலுக்கு வெளியே அருப்புக்கோட்டை வெயில் வெள்ளையாக நின்றது. கம்ப்யூட்டர் திரையில், ஒரு ரயில் இன்ஜினின் இடப்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியை மேலிருந்து பார்க்கிற மாதிரி நான் வரைந்துகொண்டிருந்தேன்.

எனக்குப் பின்னால், கட்டிலில், என் வீட்டுக்காரர் காளிமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பல மாதங்களாக அப்படித்தான். கேட்டால் பதில் வரும்: "ம்", "வேணாம்", "வையி". அவராக வாய் திறந்து ஒன்று கேட்டு வெகு காலமாகியிருந்தது.

"உள்ள தடுப்பு போட்டிருக்காகளா?"

விசைத்தறி வீட்டில் யாரோ பேசுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் இவர் முழங்கையை ஊன்றித் தலையை உயர்த்தித் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னங்க கேட்டீக?"

"அந்த டேங்குக்குள்ள. தண்ணி அலம்பாம இருக்கத் தடுப்பு போட்டிருக்காகளான்னு கேட்டேன்."

அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறேன். அதற்கு முன்னால், லண்டன் ரயில் இன்ஜின் ஒன்று எங்கள் வீட்டுக்குள் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எங்கேயும் இல்லாத இன்ஜின்

நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு டிராயிங் ஆபீசில் வேலை பார்த்தேன். எங்களுடையது நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். காளிமுத்து நரிக்குடிப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களையெடுத்துக் கதிரறுத்துப் பிழைத்தவர்கள். இவர் லாரிக்கு வந்துவிட்டார். நாங்கள் சேர்ந்த கதையை இந்தத் தொடரில் முன்பே எழுதிவிட்டேன். இரண்டு வீட்டாரும் இப்போது பேசிக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

அவருக்கு விபத்து நடந்த பிறகு, வீட்டிலிருந்தே செய்கிற மாதிரி பழைய ஆபீசில் வேலை கேட்டேன். கொடுத்தார்கள். முதலில் பம்ப் செட்டுகளும் அரிசி ஆலை உருளைகளும் வந்தன. பிறகு ஒரு நாள் இது வந்தது.

இங்கிலாந்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிலர் ஒன்றுகூடி ஒரு நீராவி இன்ஜினைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழையதைப் பழுது பார்ப்பதில்லை. முதல் ஆணியிலிருந்து புதிதாக. லண்டனைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு ரயில் இழுத்த ஒரு வகை இன்ஜின் அது. அந்த வகையில் ஒரு காலத்தில் எத்தனையோ ஓடின. இன்று ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் வெட்டி இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது படங்கள்தாம். அவற்றைக் கம்ப்யூட்டரில் மறுபடி வரைந்து கொடுப்பது என் வேலை.

அந்தக் கூட்டத்தில் டோரத்தி என்று ஒரு அம்மாள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். எனக்குச் சந்தேகம் வந்தால் வீடியோவில் அவரைத்தான் கூப்பிடுவேன். எப்போது பேசினாலும் அவர் முதலில் சொல்வது, "இங்கே இன்னும் மழை விட்டபாடில்லை." ஒரு தடவை, "கொஞ்சம் இந்தப் பக்கம் அனுப்பிவிடுங்கள்" என்றேன். அவர் சிரிக்காமல், "அனுப்ப முடிந்தால் அனுப்பிவிடுவேன்" என்றார்.

முதல் படத்தைத் திறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். கோட்டுக்கு அடியில் காகிதம் இல்லை. பாவும் ஊடையும் தெரிந்தன. அந்தக் காலத்தில் இன்ஜின் படங்களை மெழுகு பூசிய மெல்லிய துணியில் வரைவார்களாம். கடல் தாண்டி வந்த இரும்பு, துணியாக என் முன்னால் விரிந்திருந்தது. அன்று வீட்டுக்கு வந்திருந்த எங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவர், நல்ல நூல் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தன் தண்ணீரைத் தானே சுமந்தது

நீராவி இன்ஜின் என்றால் நமக்கு நினைவு வருவது, பின்னால் கரியும் தண்ணீரும் ஏற்றிய தனிப் பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போகிற இன்ஜின். இது அப்படியில்லை. கொதிகலனின் இரண்டு பக்கமும் இரண்டு நீளத் தொட்டிகள். இடுப்பின் இரு பக்கமும் குடம் வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி. கரி, ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் சின்ன அறையில். எல்லாம் ஒரே உடம்பில்.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று டோரத்தி சொன்னார். லண்டன் பெருத்துக்கொண்டே போன காலம். ஊருக்குள் வாடகை கொடுக்க முடியாதவர்கள் வெளியே குடியேறினார்கள். காலையில் கூட்டமாக உள்ளே போய்ச் சாயங்காலம் கூட்டமாக வெளியே வர வேண்டும். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பக்கம். நின்று நின்று, உடனே வேகம் பிடிக்க வேண்டும். போன இடத்தில் இன்ஜினைத் திருப்பி நிறுத்த இடமும் கிடையாது, நேரமும் கிடையாது. முன்னால் போனது போலவே பின்னாலும் ஓடுகிற இன்ஜின் தேவைப்பட்டது.

இதைக் கேட்டபோது, காலையில் திருச்சுழி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிற ஆபீஸ்காரர்களும், மில்லுக்குப் போகிற பெண்களும் என் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். அந்த இன்ஜினும் அவர்களைப் போன்றவர்களுக்குத்தான் பிறந்திருக்கிறது.

சுரங்கப் பாதைக்குள் ஓடுவதற்காகச் சிலவற்றில் ஒரு குழாய் வைத்தார்கள். வெளியே விட வேண்டிய ஆவியை அது தொட்டித் தண்ணீருக்குள்ளேயே திருப்பிவிடும். பயணிகளுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. ஆனால் தொட்டித் தண்ணீர் சுட்டது. ஓட்டுகிறவரும் கரி அள்ளிப் போடுகிறவரும் இரண்டு வெந்நீர் அண்டாக்களுக்கு நடுவில் நின்று வேலை பார்த்தார்கள். யுத்தத்தின்போது, அடுப்பு வெளிச்சம் வானத்துக்குத் தெரியக்கூடாது என்று அவர்களைச் சுற்றிலும் திரை வேறு கட்டினார்களாம்.

பிறகு மின்சார ரயில் வந்தது. இந்த இன்ஜின்களைப் பட்டிக்காட்டுப் பாதைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களை இழுத்தவை, இரண்டு பெட்டியும் பால் கேன்களுமாக வயல்களுக்கு நடுவில் ஓடின. அந்தப் பாதைகளையும் ஒவ்வொன்றாக மூடினார்கள். கடைசியாக நின்ற ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று சிலர் கிளம்பிப் போனபோது, அதன் தொட்டிகளைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்களாம். வெட்டுகிறவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். "அப்போது போனவர்களில் என் அண்ணனும் ஒருவர்" என்றார் டோரத்தி. 

கண்மாய்க்கரை வளைவு

காளிமுத்து ஓட்டியது தண்ணீர் லாரி. எங்கள் சீமையில் தண்ணீர் லாரி என்றால் எல்லா வீட்டுக்கும் உறவுக்காரர் மாதிரி. கல்யாண மண்டபம், கட்டடம் கட்டுகிற இடம், ஹோட்டல் எல்லாவற்றுக்கும் அதுதான் போக வேண்டும்.

அன்று திருச்சுழியில் ஒரு மண்டபத்துக்கு லோடு. வழியில் ரோட்டோரக் கிராமம் ஒன்றில் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். குழாயில் தண்ணீர் வந்து நாளாகியிருந்தது. யாரும் மறிக்கவில்லை, கத்தவில்லை. முன்னால் நின்ற பேச்சியம்மா என்கிற பெண், "தம்பி, எறக்கிட்டு வாரப்ப மிச்சம் இருந்தா ஊத்திட்டுப் போப்பா" என்று மட்டும் கேட்டிருக்கிறார். இவர் வண்டியை நிறுத்தினார். திரும்பி வரும்போது மிச்சம் இருக்காது என்று அவருக்குத் தெரியும். வால்வைத் திறந்துவிட்டார். குடங்கள் எல்லாம் நிறைந்த பிறகு பாதித் தொட்டியோடு கிளம்பினார்.

கொஞ்ச தூரத்தில் கண்மாய்க்கரையை ஒட்டி ஒரு வளைவு. கருவேல மரங்களுக்குள்ளிருந்து ஆட்டு மந்தை ஒன்று ரோட்டுக்கு வந்தது. பிரேக்கைப் போட்டு ஒதுக்கினார். லாரி கவிழ்ந்துவிட்டது.

சத்தம் கேட்டு ஓடி வந்து இவரை வெளியே இழுத்தது அதே பெண்கள்தாம். மதுரையில் இடது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று.

ஊருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. "தண்ணி லாரிக்காரன் தண்ணியப் போட்டுட்டு ஓட்டிருக்கான்" என்று டீக்கடையில் யாரோ சொன்னது எங்கள் தெரு வரைக்கும் வந்தது. சிலர் தூங்கிவிட்டார் என்றார்கள். இவர் எதையும் மறுக்கவில்லை. "தூங்கிட்டீகளா?" என்று நானே கேட்டேன். "இருக்கும்" என்றார்.

செயற்கைக் கால் வந்தது. அதை ஒரு துண்டில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

பேச்சியம்மா மட்டும் சந்தை நாள் தவறாமல் வந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர். என்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பார். வெள்ளரிப்பிஞ்சோ அகத்திக்கீரையோ மடியில் இருக்கும். நிலைப்படியில் உட்கார்ந்து, "தம்பி எப்படி இருக்காக?" என்று மெல்லக் கேட்பார். இவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வார். உயிரைக் காப்பாற்றியவரிடம் ஏன் இப்படி நடந்துகொள்கிறார் என்று எனக்குக் கோபம் வரும். காலில்லாமல் கிடப்பதைப் பார்க்கிறார்களே என்கிற கூச்சம்தான் என்று சமாதானம் செய்துகொள்வேன்.

வெயிலில் ஒரு ரயில்

அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். தூக்கத்தில் இல்லை. வேலைக்கு நடுவில், மத்தியான வெயிலில், திரையைப் பார்த்தபடி கண் செருகும்போது.

கரிசல் காட்டுக்கு நடுவில் அந்த இன்ஜின் வந்துகொண்டிருக்கும். சத்தம் இருக்காது. அல்லது விசைத்தறியின் சத்தம்தான் அதன் சத்தமாக இருக்கும். இரண்டு பக்கமும் பருத்தி வெடித்து நிற்கும். பெட்டிகளில் தொப்பி போட்ட குமாஸ்தாக்கள், மடியில் மழைக்குடை வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். திருச்சுழி ஸ்டேஷனில் வண்டி நிற்கும். யாரும் இறங்க மாட்டார்கள். தொட்டிகளின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருக்கும். பக்கத்தில் போய் உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சி தோள் வரைக்கும் ஏறும். உள்ளே தண்ணீர் மெதுவாக அசைவது கைக்குத் தெரியும், வயிற்றுப் பிள்ளை அசைகிற மாதிரி.

வண்டி கிளம்பும்போது வந்த வழியிலேயே பின்னோக்கிப் போகும். அதற்குத் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை அல்லவா. நான் கண் விழிப்பேன். முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிடும்.

மறுபடி அந்த மத்தியானம்

"தடுப்பு போட்டிருக்காகளா?" என்று அவர் கேட்டாரில்லையா. நான் படத்தைப் பெரிதாக்கினேன்.

"போட்டிருக்காக. பாருங்க, இந்தக் குறுக்குக் கோடெல்லாம் தகடு. நடுவுல ஓட்டை இருக்கும். தண்ணி மொத்தமாப் பாயாம, அது வழியாப் பையப் பையத்தான் போகும்."

"எல்லாம் ஒரே மாதிரி மையில இல்லையே."

அதை அவர் கவனித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. உண்மைதான். ஒரு தகடு பழைய கோடு. மற்றவை வேறு கை, வேறு மை, பின்னால் சேர்த்தவை. ஏன் சேர்த்தார்கள் என்பது எனக்கும் தெரியவில்லை. அவர் கேட்டுவிட்டாரே என்று அப்போதே டோரத்தியைக் கூப்பிட்டேன். அங்கே காலை, கையில் டீக் கோப்பையோடு வந்தார். அவர் சொன்னதை நான் தமிழில் சொல்லச் சொல்ல இவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆரம்பத்தில் அந்த இன்ஜின்களில் பேருக்கு ஒரு தடுப்புதான் இருந்ததாம். தொட்டி நிறைந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. காலியாக இருந்தாலும் தெரியாது. பாதியாகிவிட்டால் இன்ஜின் ஆடும். ஓட்டுகிறவர்கள் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு நாள் வேகமாகப் போன ஒன்று, வளைவில் தண்டவாளத்தை விட்டு இறங்கிச் சாய்ந்துவிட்டது. முதலில் ஓட்டியவரைக் குற்றம் சொன்னார்கள். பிறகு தண்டவாளத்தைச் சொன்னார்கள். கடைசியில்தான் தண்ணீரைச் சொன்னார்கள். அதற்கப்புறம் எல்லா இன்ஜினையும் பட்டறைக்குக் கொண்டுவந்து, தொட்டிக்குள் தகடுகளைச் சேர்த்தார்கள்.

"ஓட்டுனவரு என்ன ஆனாருன்னு கேளு" என்றார் இவர்.

கேட்டேன். டோரத்தி கோப்பையைக் கீழே வைத்தார். "உயிரோடு இருந்தார் என்று மட்டும் தெரியும். மறுபடி இன்ஜின் ஓட்டினாரா என்று யாரும் எழுதி வைக்கவில்லை."

அழைப்பு முடிந்தது. நான் திரும்பியபோது இவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"நாகு, நான் தூங்கல."

"தெரியும்ங்க."

"குடிக்கவும் இல்ல. நம்ம டேங்குக்குள்ள ஒண்ணுமே கெடையாது. வெறும் குடம். ரொப்பிட்டுப் போவேன், காலியா வருவேன். பாதியோட ஓட்டக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஓட்டுனேன். பையப் போயிறலாம்னு நெனச்சேன். ஆட்டப் பாத்து பிரேக்கப் போட்டதும் தண்ணி முன்னால வந்து முட்டுச்சு. ஒதுக்குனேன் பாரு, அப்படியே ஒரு பக்கமாச் சாஞ்சு வண்டியத் தூக்கிருச்சு."

"இத ஏன் அன்னைக்கே சொல்லல?"

"யாருட்ட சொல்ல? பேச்சியக்காட்டயா? ஒங்களுக்குத் தண்ணி ஊத்துனதாலதான் காலு போச்சுன்னு சொல்லவா? அந்தக்கா அதத் தாங்குமா? ஊரு என்னமும் சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

போர்வைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டது கூச்சத்தால் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் வாயிலிருந்து வந்துவிடும் என்று பயந்திருக்கிறார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் சரி என்றேன்.

பட்டறை

அந்த வாக்கு அதிக நாள் நிற்கவில்லை. உடைத்தது நானில்லை, அவரே.

இவருடைய இடத்தில் லாரி முதலாளியின் இன்னொரு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவர் செல்வம். ஒரு நாள் பார்க்க வந்தார். பேச்சோடு பேச்சாக, "அண்ணே, நீங்க ஊத்துன எடத்துல நானும் இப்பக் கொஞ்சம் நிறுத்தி ஊத்திட்டுத்தான் போறேன். கோடையில அவுக மொகத்தப் பாத்துட்டுப் போக முடியல" என்றார்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு செல்வத்தைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னார்.

"நாகு, அந்த ரயிலு டேங்க அவனுக்குக் காட்டு."

காட்டினேன். மூவரும் அந்தத் துணிப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என்றோ செத்துப்போன ஒருவர், வேறு மையில், நிதானமாகப் போட்ட கோடுகள்.

"நம்ம வண்டிக்கு இதே மாதிரி வரஞ்சு குடு. நெடுக்கயும் வேணும், குறுக்கயும் வேணும்" என்றார் இவர்.

லாரித் தொட்டியின் அளவைச் செல்வம் எடுத்துக்கொண்டு வந்தார். நான் வரைந்தேன். முதலாளி முணுமுணுத்தாலும் சம்மதித்தார். ஒரு லாரி கவிழ்ந்ததை அவரும் பார்த்தவர்தானே. அருப்புக்கோட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை நடந்தது. இவர் கட்டிலில் இருந்தபடியே செல்வம் போன் வீடியோவில் காட்டக் காட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓட்டைய இன்னும் கொஞ்சம் பெருசா வையிங்க. உள்ள எறங்கிக் கழுவ ஆளு போகணும்ல" என்று கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். அடுப்படியில் நின்றிருந்த எனக்கு அழுகை வந்தது. வீட்டில் அந்தக் குரலைக் கேட்டு எத்தனை காலமாயிற்று.

அந்த வாரமே செல்வம் பேச்சியம்மாவின் ஊரில் வண்டியை நிறுத்தியிருக்கிறார். நல்ல மனசு, ஆனால் வாய் நிற்காது. "இனிமே பயமில்லக்கா, பாதி லோடுன்னாலும் வண்டி ஆடாது. அண்ணனுக்கு அப்படித்தான கவுந்துச்சு" என்று சொல்லிவிட்டார்.

வராத சந்தை நாள்

அடுத்த சந்தை நாளில் பேச்சியம்மா வரவில்லை. அதற்கடுத்த சந்தைக்கும் வரவில்லை. செல்வத்திடம் விசாரித்தேன். "அந்தக்கா இப்பல்லாம் குடத்த எடுத்துக்கிட்டு ரோட்டுக்கே வாரதில்ல. தூரத்துக் கெணத்துக்குப் போகுதாம்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு.

நான் இதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். அவரே கேட்டார். சொல்லிவிட்டேன். 

"அந்தக் கால எடு."

கட்டிலுக்கு அடியிலிருந்து துண்டை இழுத்தேன். தூசி பறந்தது. அதை மாட்டத் தெரியாமல் இரண்டு பேரும் வெகு நேரம் போராடினோம். நின்றபோது என் தோளில் அவருடைய முழுப் பாரமும் விழுந்தது. வலித்தது என்று முகத்தில் தெரிந்தது, வாயால் சொல்லவில்லை. சில நாட்கள் வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடந்தார். பிறகு தெருமுனை வரைக்கும். விசைத்தறிக்காரர் தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தார். தலையை அசைத்தார்.

ஒரு காலை நேரத்தில் திருச்சுழி பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு இவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். காட்டில் மிளகாய்ச் செடி நட்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கனவு ரயிலில் போகிற மாதிரியே இருந்தது. ஜன்னல் கம்பியின் சூடு மட்டும் நிஜம்.

பேச்சியம்மா வீட்டு வாசலில் வேப்பமர நிழலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறம் கையிலேயே நின்றுவிட்டது. இவருடைய காலைப் பார்த்தார். முகத்தைச் சேலை முந்தானையில் மூடிக்கொண்டு குலுங்கினார்.

"என்னால போச்சே தம்பி. நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா ரெண்டு காலோட போயிருப்பீகளே."

இவர் என் தோளை விட்டுவிட்டு, தடுமாறி, மரத்துக்குக் கீழே கிடந்த கல்லில் உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரு சங்கதி சொல்றேன், கேளுங்க. லண்டன்ல ஒரு ரயிலு இருந்துச்சு. இவதான் அதுக்குப் படம் வரையிறா. அந்த இன்ஜினுக்கும் ரெண்டு பக்கம் தண்ணி டேங்கு. ஒரு நாளு அதுவும் இப்படித்தான் வளைவுல கவுந்துருச்சு."

பேச்சியம்மா முந்தானையை விலக்கிப் பார்த்தார்.

"அந்த இன்ஜினு யாருக்கும் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலக்கா. யாரும் அதுட்டக் கேக்கவும் இல்ல. ஓட ஓடத் தண்ணி கொறையும்ல, பாதி ஆயிருச்சு. அம்புட்டுத்தான். டேங்குக்குள்ள வேணுங்குற தகடு இல்ல, கவுந்துச்சு. நம்ம லாரிலயும் தகடு இல்ல, கவுந்துச்சு. நீங்க கேட்டதாலயும் இல்ல, நான் ஊத்துனதாலயும் இல்ல."

"நெசமாவா?" என்று அவர் இவரைக் கேட்கவில்லை; என்னைக் கேட்டார்.

"நெசந்தாங்க்கா" என்றேன். "தகடு வச்சதுக்கப்புறம் அந்த இன்ஜினெல்லாம் ரொம்பக் காலம் பாதித் தண்ணியோட ஓடுச்சாம்."

 அரிசியில் ஒரு சிட்டுக்குருவி வந்து உட்கார்ந்து பொறுக்கிவிட்டுப் பறந்தது. பேச்சியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, "அந்த ரயிலு ஓட்டுனவரு என்ன ஆனாராம்?" என்று கேட்டார்.

"தெரியலக்கா. அந்த ஊர்க்காரவுகளுக்கே தெரியலையாம். அவரத்தான் முதல்ல குத்தஞ் சொல்லிருக்காக" என்றார் இவர்.

"இங்கனயும் ஒங்களக் குடிச்சிருந்தாகன்னு சொன்னாக. குடிச்சிருந்தா எங்களுக்குத் தெரியாதா? தூக்குனது நாங்கதான? சண்டை போட்டுட்டு வந்தேன் அந்த டீக்கடைக்காரன்ட்ட."

இவர் சிரித்தார். சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை, உதடு மட்டும். பிறகு சட்டை நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"நடந்து வந்தது தவிக்குதுக்கா. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

பேச்சியம்மா எழுந்து உள்ளே போனார். பானை மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. செம்பை விளிம்பு வரைக்கும் நிரப்பிக்கொண்டு, சிந்தாமல், ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தார். இவர் இரண்டு கையாலும் வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.